காப்பி வறுக்கும் மெஷினில் டெம்பரேச்சர் சென்சாரை நாமே மாற்றுவது எப்படி

எங்கள் குமரி மாவட்டத்தில் மண்டைக்காடு அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு முந்தின வாரம். டிரம்மில் பிளான்டேஷன் ஏ ரகக் காப்பிக்கொட்டை 5 கிலோ போட்டு ஆறு நிமிடம் ஆகியிருக்கும். பச்சை மாறி மஞ்சளாகிற நேரம், நெல் அவிக்கிற மாதிரி ஒரு வாசம் வருமே, அது வரத் தொடங்கியிருந்தது. டிஸ்பிளேயில் 148 என்று இருந்த எண் சடாரென்று 131க்கு இறங்கியது, உடனே 160க்கு ஏறியது, அப்புறம் எண்ணே இல்லை, நாலு கோடு மட்டும்தான். திங்கள்சந்தை பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்க வேண்டிய பொடியில் பாதிகூட அப்போது முடிந்திருக்கவில்லை.

உங்களுக்கும் இப்படி நடுவில் போனால் முதலில் செய்ய வேண்டியது பர்னரை அணைப்பது. எண் மறைந்து கோடு வந்தால் சூட்டைக் கவனித்துக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் நல்லதாக இருந்தால் தானாகவே கேஸை நிறுத்திவிடும். ஆனால் சென்சார் முழுசாகச் சாகாமல், உள்ளே 210 டிகிரி இருக்கும்போது 160 என்று காட்டிக்கொண்டிருந்தால், மெஷின் அதை நம்பி எரித்துக்கொண்டே போகும். டிரம்முக்குள் கொட்டை தீப்பிடிக்கிற விபத்துகளில் இது ஒரு வழி. அதனால் சந்தேகம் வந்த நொடியில் பர்னரை அணைத்துவிட்டு, கொட்டையை ஆற வைக்கும் தட்டில் கொட்டிவிடுங்கள். பாதி வறுத்ததை மறுபடி போட்டு எடுக்கலாம் என்று ஆசைப்பட வேண்டாம், குடித்தால் சப்பென்று இருக்கும். ஒரு ஈடு போனால் போகட்டும்.

சரி, சென்சாரைக் கழற்றி மாட்டுவது அரை மணி நேர வேலைதான். கழற்றுவதற்கு முன்னால் கோளாறு சென்சாரில்தான் என்று உறுதி செய்வதும், மாட்டிய பிறகு புது எண்ணோடு பழகுவதும்தான் பெரிய வேலை. இந்த இரண்டையும் விட்டுவிட்டுப் புதுசை மட்டும் மாட்டிவிட்டு, "மெஷின் சரியாயிடுச்சு, ஆனா காப்பி ருசி மாறிடுச்சு" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். நானும் முதல் தடவை அப்படித்தான் இரண்டு வாரம் அலைந்தேன்.

பெரும்பாலான டிரம் மெஷின்களில் இருப்பது கே டைப் தெர்மோகப்பிள். குரோமெல், அலுமெல் என்று இரண்டு உலோகக் கம்பிகள், நுனியில் ஒன்றாகப் பற்றவைத்திருக்கும். நுனி ஒரு சூட்டிலும் மறுமுனை வேறு சூட்டிலும் இருந்தால் சின்னதாக ஒரு மின்னழுத்தம் பிறக்கும். 1821இல் சீபெக் கண்டுபிடித்த விஷயம் இது. எவ்வளவு சின்னது என்றால் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டை 10 லட்சமாகப் பிரித்து அதில் 41 பங்கு. இந்த அளவை மனசில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். டெர்மினலில் கொஞ்சம் களிம்பு, ஒரு தளர்ந்த ஸ்குரூ, பக்கத்தில் ஓடும் மோட்டார் கேபிள் என்று எதுவானாலும் இந்தச் சின்ன சிக்னலைக் கெடுத்துவிடும். நம் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. குளச்சல், முட்டம், மண்டைக்காடு பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், கதவுக் கொண்டியே ஒரு வருஷத்தில் பொரிந்துவிடுகிறது. பித்தளை டெர்மினல் மட்டும் எப்படித் தப்பும்?

எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் கருங்கல் பக்கம் முந்திரி ஆலைகளில் வேலை பார்க்கும் ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன். முந்திரிப் பருப்பை உலர்த்தும் போர்மா அடுப்புகளில் இருப்பதும் இதே தெர்மோகப்பிள்தான். நான் போன் செய்து சென்சார் போய்விட்டது, புதுசு எங்கே கிடைக்கும் என்று கேட்டதும், "மக்கா, சென்சார் போச்சுன்னு உனக்கு ஆரு சொன்னா? கம்பியை முதல்ல பாரு" என்றார். அவர் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

மெஷின் ஆறிய பிறகு மெயினை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள், கேஸ் வால்வையும் மூடுங்கள். சூடான மெஷினை அப்படியே நிறுத்திவிட்டுக் கழற்றக் கூடாது. பர்னரை அணைத்து டிரம்மைச் சுற்றவிட்டு, கையை வைத்தால் தாங்குகிற சூடு வந்த பிறகுதான் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் டிரம் ஷாஃப்ட் வளைந்துபோகும் வாய்ப்பு உண்டு. பேனலைத் திறந்து கண்ட்ரோலரில் சென்சார் வந்து சேரும் இரண்டு டெர்மினலைக் கண்டுபிடித்து, கம்பி எது எங்கே இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுங்கள். இரண்டு கம்பியையும் கழற்றிவிட்டு, அந்த இரண்டு டெர்மினலையும் ஒரு சின்ன செம்புக் கம்பியால் இணையுங்கள். கரண்ட் லைன் எதையும் தொடாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இப்போது கண்ட்ரோலருக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள். அறையின் சூட்டை, நம் பக்கம் 30, 32, அந்த மாதிரி காட்டினால் கண்ட்ரோலர் நன்றாக இருக்கிறது, கோளாறு வெளியே. அப்போதும் கோடு காட்டினாலோ எண் கண்டபடி ஓடினாலோ சென்சார் வாங்கிப் பிரயோஜனம் இல்லை, கண்ட்ரோலரைத்தான் பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் சென்சார் வாங்கிக் காசை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது மல்டிமீட்டர். கரண்டை மறுபடி முழுசாக அணைத்துவிட்டு, ஓம்ஸில் வைத்துச் சென்சாரின் இரண்டு கம்பிக்கும் இடையில் பாருங்கள். நல்ல தெர்மோகப்பிள் சில ஓம்ஸிலிருந்து சில பத்து ஓம்ஸ் வரை காட்டும், நீளத்தையும் தடிமனையும் பொறுத்தது. ஓப்பன் என்று காட்டினால் எங்கேயோ அறுந்திருக்கிறது. இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். என்னுடையதை மேஜை மேல் வைத்துப் பார்த்தபோது 14 ஓம்ஸ் என்று அழகாக நின்றது. கேபிளும் ஸ்டீல் குழாயும் சேரும் இடத்தில் ஒரு சின்ன ஸ்பிரிங் சுற்றியிருக்கும் அல்லவா, அந்த இடத்தை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இடப்பக்கம் வளைத்தேன், 14. வலப்பக்கம் வளைத்தேன், ஓப்பன். விட்டால் மறுபடி 14. டிரம் சுற்றும்போது வரும் அதிர்வில் அந்தக் கம்பி உள்ளே உரசி உரசி அறுந்திருக்கிறது, முனைகள் இரண்டும் தொட்டும் தொடாமலும் நின்றிருக்கின்றன. மெஷின் நின்றிருந்தால் நன்றாகக் காட்டும், ஓடினால் குதிக்கும். அதனால் சும்மா வைத்துப் பார்த்துவிட்டு நல்லது என்று முடிவு கட்டாதீர்கள், ஆட்டிப் பாருங்கள்.

சிலருக்குக் கோளாறு வேறு மாதிரி இருக்கும். எண் வருகிறது, ஆனால் மெதுவாக வருகிறது, முன்பைவிடக் குறைவாக வருகிறது. சென்சாரைக் கழற்றி நுனியைப் பாருங்கள். காப்பியின் எண்ணெயும் வெள்ளித்தோல் தூசியும் சேர்ந்து கறுப்பாக, தார் பூசினது போல ஒரு படலம் கட்டியிருக்கும். பித்தளைப் பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடும், புதுசே வேண்டாம். புகை போகும் குழாயில் இருக்கும் சென்சாருக்கு இது இன்னும் வேகமாகப் படியும். எண் கொஞ்சம் கொஞ்சமாகத் துடிக்கிறது, டிரம் மோட்டாரை ஓட்டினால்தான் துடிக்கிறது என்றால் மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவின் கேபிளோடு சென்சார் கம்பியையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டிருப்பார்கள். பிரித்துத் தனி வழியில் கொண்டுபோங்கள். டெர்மினலில் பச்சைக் களிம்பு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி இறுக்குங்கள். இத்தனையும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் மட்டும் புதுசு.

ஒரு விஷயம், எல்லா மெஷினிலும் தெர்மோகப்பிள்தான் இருக்கும் என்று இல்லை. மூன்று கம்பி வந்தால், அதில் இரண்டு ஒரே நிறத்தில் இருந்தால், அது பி.டி. 100. அது வேறு வேலை செய்கிற பொருள். சூட்டுக்கு ஏற்ப அதன் மின்தடை மாறும், 0 டிகிரியில் 100 ஓம்ஸ், 30 டிகிரியில் ஏறக்குறைய 111.7, 100 டிகிரியில் 138.5. ஒரே நிறக் கம்பி இரண்டுக்கும் இடையில் மிகக் குறைவாகவும், மாற்று நிறத்தோடு பார்த்தால் 110க்கு மேலும் காட்டினால் அது நன்றாக இருக்கிறது. அது இருந்த இடத்தில் கே டைப்பை மாட்டினால் கண்ட்ரோலரிலும் செட்டிங் மாற்ற வேண்டும், சில கண்ட்ரோலர் அதை ஏற்கவும் செய்யாது. பழையது எதுவோ அதையே வாங்குவதுதான் நிம்மதி.

இப்போது வாங்கும் கதை. இதில்தான் நான் தப்புப் பண்ணினேன், விவரமாகச் சொல்கிறேன். கொடை நெருங்கிவிட்டது என்ற அவசரத்தில் கிடைத்ததை வாங்கி மாட்டினேன். நம் பக்கம் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது பேக்கரி அடுப்புக்கும் போர்மாவுக்கும் போடுகிற 6 மில்லிமீட்டர் தடிமன் சென்சார். என் மெஷினில் இருந்தது 3 மில்லிமீட்டர். கே டைப்தானே, எண் வருகிறதே என்று வறுக்கத் தொடங்கினேன். தடிமனான குழாய் சூடேற நேரம் எடுக்கும். அடுப்பு மணிக்கணக்கில் ஒரே சூட்டில் நிற்கிற இடம், அங்கே அது தாங்கும். காப்பி வறுக்கும்போது சூடு நிமிடத்துக்கு 8, 10 டிகிரி என்று ஏறிக்கொண்டே இருக்கிறது, அங்கே சென்சார் எப்போதும் பின்னாலேயே ஓடிவரும். டிஸ்பிளே 205 என்று சொல்லும்போது கொட்டை அதைத் தாண்டிப் போயிருந்தது. முதல் மூன்று ஈடும் நான் நினைத்ததைவிடக் கறுத்து, மேலே எண்ணெய் மினுங்க வெளியே வந்தன. வழக்கமாக வாங்கும் ஒரு அக்கா, "இந்தத் தடவை பொடி ஏன் இப்படிக் கசக்குது?" என்று கேட்ட பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

அதனால் கடைக்குப் போகும்போது பழைய சென்சாரைக் கையில் எடுத்துக்கொண்டே போங்கள். தடிமனை வெர்னியரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், பக்கத்தில் லேத் பட்டறை இருந்தால் கேட்டால் அளந்து தருவார்கள். நட்டுக்குக் கீழே நுனி வரை எத்தனை மில்லிமீட்டர், கேபிள் எத்தனை மீட்டர், மரை எது என்பதையும் எழுதுங்கள். மரையில் ஒரு சிக்கல் இருக்கிறது. கால் அங்குலம் என்று ஒரே பெயரில் பி.எஸ்.பி. என்றும் என்.பி.டி. என்றும் இரண்டு உண்டு. ஒன்றில் அங்குலத்துக்கு 19 புரி, மற்றதில் 18. கையில் திருகினால் இரண்டு சுற்று சுகமாகப் போகும், அப்புறம் இறுகும், இதுதான் இறுக்கம் என்று நினைத்து ஸ்பானர் போட்டால் மெஷின் முகப்பில் இருக்கும் மரை போய்விடும். பழைய நட்டைப் புது நட்டோடு பல்லுக்குப் பல் சேர்த்து வெளிச்சத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

நுனி எப்படி வேண்டும் என்றும் கேட்பார்கள். கம்பி நுனி வெளியே தெரிகிற வகை வேகமாகக் காட்டும், ஆனால் கொட்டை அடித்து அடித்து சீக்கிரம் போய்விடும், டிரம்முக்கு வேண்டாம். உறையோடு சேர்த்துப் பற்றவைத்தது கிரவுண்டட், அது கொஞ்சம் வேகம், ஆனால் மோட்டார் டிரைவ் இருக்கும் மெஷினில் எண் துடிக்க வாய்ப்பு அதிகம். உறையைத் தொடாமல் உள்ளே தனியாக நிற்பது அன்கிரவுண்டட், சற்றே மெதுவு, ஆனால் நிலையாக நிற்கும். நான் 3 மில்லிமீட்டரில் அன்கிரவுண்டட் போட்டிருக்கிறேன், எனக்கு அது ஒத்துவருகிறது. உங்கள் பழையது எது என்று தெரிய வேண்டுமென்றால் ஒரு கம்பிக்கும் ஸ்டீல் உறைக்கும் இடையில் மீட்டரை வையுங்கள், தொடர்பு காட்டினால் கிரவுண்டட். சரியான அளவு நாகர்கோவிலில் கிடைக்காவிட்டால் கோயம்புத்தூரில் அளவு சொல்லி ஆர்டர் கொடுக்கலாம். நீளம் அதிகமாக வந்துவிட்டது என்று ஹாக்சா பிளேடால் குழாயை அறுத்துவிட மட்டும் கூடாது. உள்ளே இருப்பது மெக்னீசியம் ஆக்சைடு தூள், அது ஈரத்தை இழுக்கும். நம் ஊரில் இரண்டு மழைக்காலம், ஐப்பசியில் சுவரே வியர்க்கிறது, அறுத்த வாய் வழியாக ஈரம் ஏறினால் அந்தச் சென்சார் சொல்லும் எதையும் நம்ப முடியாது.

புதுசு வந்தவுடன் மெஷினில் மாட்டாதீர்கள், முதலில் அடுப்படிக்குக் கொண்டுபோங்கள். ஒரு டம்ளரில் ஐஸை நன்றாக நொறுக்கிப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, கலக்கிவிட்டு நுனியை நடுவில் வையுங்கள். 0 காட்ட வேண்டும். அப்புறம் கொதிக்கிற தண்ணீர், நுனி பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது, குழாயின் தடிமனைப் போலப் பத்து மடங்கு ஆழமாவது உள்ளே இருக்க வேண்டும். நமக்கு இதில் ஒரு வசதி உண்டு, கடல் மட்டத்தை ஒட்டிய ஊர் என்பதால் தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதிக்கும். ஏற்காட்டில் இருக்கும் ஒருவர் இதே சோதனையைச் செய்தால் 95 பக்கம்தான் காட்டும், அவர் சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. கண்ட்ரோலர் பக்கத்தில் இல்லை, மீட்டர் மட்டும்தான் இருக்கிறது என்றால் மில்லிவோல்ட்டில் வையுங்கள். அறை 30 டிகிரியில் இருக்க, நுனி கொதிதண்ணீரில் இருந்தால் ஏறக்குறைய 2.9 மில்லிவோல்ட் வரும்.

சாதாரணத் தரத்துக் கே டைப்புக்கு 2.5 டிகிரி கூடவோ குறையவோ காட்ட அனுமதி உண்டு, உயர்ந்த தரத்துக்கு 1.5 டிகிரி. அதாவது ஒரே பெட்டியில் வந்த இரண்டு நல்ல சென்சார் தங்களுக்குள் 5 டிகிரி வித்தியாசப்படலாம், இரண்டிலும் குற்றம் இல்லை. காப்பியில் 5 டிகிரி என்றால் என்ன என்று வறுக்கிற யாருக்கும் தெரியும். ஐஸிலும் 2 கூட, கொதிதண்ணீரிலும் 2 கூட என்றால் கண்ட்ரோலரில் ஆஃப்செட் என்று ஒரு செட்டிங் இருக்கும், அதில் 2 குறைத்துக்கொள்ளலாம். ஐஸில் ஒரு வித்தியாசம், கொதிதண்ணீரில் வேறு வித்தியாசம் என்றால் அது ஆஃப்செட்டில் சரிசெய்கிற விஷயம் இல்லை. கண்ட்ரோலரில் கே என்பதற்குப் பதில் ஜே என்று, அதாவது வேறொரு வகைத் தெர்மோகப்பிளுக்கான செட்டிங், இருக்கிறதா பாருங்கள், அது சரியாக இருந்தால் சென்சாரைத் திருப்பிக் கொடுங்கள்.

இனி கழற்றுவது. பழையதை உருவுவதற்கு முன்னால், நட்டை ஒட்டிக் குழாயின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். இந்தக் கோடுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அந்த எண் என்னமோ கொட்டையின் சூடு என்று நாம் பேசுகிறோம், உண்மையில் அது டிரம்முக்குள் அந்த ஒரு இடத்தில், அந்த ஆழத்தில், கொட்டையும் காற்றும் கலந்து அடிக்கிற சூடு. 10 மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் நுனி கொட்டைக் குவியலை விட்டு வெளியே வந்து காற்றின் சூட்டைச் சொல்லத் தொடங்கும். அதனால்தான் சின்ன ஈடு போடும்போதும் எண் மாறுகிறது, கொட்டை நுனியை மூடவில்லை. பழைய ஆழம் தெரியாமல் போய்விட்டால் முகப்பைத் திறந்து, வழக்கமாகப் போடும் அளவில் பச்சைக் கொட்டையைப் போட்டுப் பர்னர் இல்லாமல் டிரம்மைச் சுற்றிப் பாருங்கள். சுற்றும் திசையில் கொட்டை ஒரு பக்கமாக ஏறிக் குவிந்து நிற்கும், நுனி அந்தக் குவியலின் நடுவில் முழுக வேண்டும்.

நட்டு இறுகிப்போயிருந்தால் பலம் காட்டாமல், துருவை இளக்குகிற எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள். கழற்றியதும் துளையில் அடைந்திருக்கும் தோலையும் கரியையும் சுத்தமாக எடுங்கள், எண்ணெய் உள்ளே போயிருந்தால் நன்றாகத் துடையுங்கள், இல்லையென்றால் அடுத்த ஈட்டில் அந்த வாடை வரும். புதுச் சென்சாரில் அதே அளவுக்கு ஒரு கோடு போட்டு, நட்டையும் உள்ளே இருக்கும் சின்ன வளையத்தையும் கோர்த்து, கோடு வரை நுழையுங்கள். இறுக்குவதற்கு முன் டிரம்மைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள், காதைக் கொஞ்சம் கிட்டே வையுங்கள். உள்ளே இருக்கும் தகடு நுனியில் உரசுகிற சத்தம் வரவே கூடாது. அப்புறம்தான் கையால் இறுகும் வரை திருகி, அதற்கு மேல் ஸ்பானரால் முக்கால் சுற்று, மெலிந்த குழாய்க்கு அது போதும், 6 மில்லிமீட்டருக்கு ஒன்றேகால் வரை போகலாம். ஸ்டீல் வளையம் ஒரு தடவை குழாயைக் கடித்துவிட்டால் பிறகு இடம் மாற்ற முடியாது, அதனால்தான் ஆழத்தை இரண்டு தடவை பார்க்கச் சொல்கிறேன்.

கம்பி இணைப்பில் நிறத்தை நம்பி ஏமாற வேண்டாம். அமெரிக்க முறையில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். ஐரோப்பாவில் இப்போது பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். பழைய ஜப்பானிய முறையில் சிவப்பு பிளஸ், வெள்ளை மைனஸ். சிவப்பு என்றால் பிளஸ் என்று நம் வீட்டு வயரிங் பழக்கத்தில் மாட்டினால் பாதி நேரம் தலைகீழாகிவிடும். சந்தேகமில்லாத வழி ஒரு காந்தம். தோலை உரித்த கம்பியின் பக்கத்தில் கொண்டுபோனால் அலுமெல் ஒட்டும், அது மைனஸ். குரோமெல் ஒட்டாது, அது பிளஸ். சென்சாரை டிரம்மில் நுழைப்பதற்கு முன்பே கம்பியை மாட்டி நுனியை உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள், எண் ஏற வேண்டும், இறங்கினால் கம்பி மாறியிருக்கிறது.

கேபிள் எட்டவில்லை என்று வீட்டு வயரிங் கம்பியைச் சேர்ப்பதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் காலையில் மெஷின் ஆறியிருக்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும். மெஷின் சூடாகி, கம்பி சேர்த்த இடம் 60 டிகிரிக்கு வந்து, பேனல் 35இல் இருந்தால், நடுவில் இருக்கும் செம்புக் கம்பி அந்த 25 டிகிரியை விழுங்கிவிடும். உள்ளே 200, டிஸ்பிளேயில் 175. கே டைப்புக்கென்று விற்கும் காம்பன்சேட்டிங் கேபிள்தான் போட வேண்டும், அதையும் பிளஸ் பிளஸோடு, மைனஸ் மைனஸோடு சேர்க்க வேண்டும். அந்தக் கேபிளையே இரண்டு முனையிலும் தலைகீழாக மாட்டினால் தப்பு 50 ஆகிவிடும், அதுவும் குறைத்தே காட்டும். சில மெஷினில் அதிக சூட்டில் பர்னரை நிறுத்துவதற்கென்று இரண்டாவது சென்சார் ஒன்று தனியாக இருக்கும். அதன் கம்பியை இதோடு சேர்ப்பதோ, அவசரத்துக்கு அதை நேராக இணைத்து ஓட்டுவதோ வேண்டவே வேண்டாம்.

எல்லாம் மாட்டியாயிற்று, பேனலை மூடியாயிற்று. கேஸ் திறந்ததும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டு மெஷினை வெறுமனே சூடேற்றுங்கள். எண் குதிக்காமல் ஒரே சீராக ஏறுகிறதா பாருங்கள். அப்புறம் உங்களுக்கு நன்றாகப் பழக்கமான ஒரு கொட்டையை, வழக்கமான அளவில், வழக்கமான சூட்டில் போடுங்கள். இந்த ஈட்டில் டிஸ்பிளேயைப் பார்த்து வறுக்காதீர்கள், கண்ணையும் மூக்கையும் காதையும் வைத்து வறுத்துவிட்டு, டிஸ்பிளே என்ன சொல்கிறது என்பதை எழுதி மட்டும் வையுங்கள். முழுசாக மஞ்சளான நேரத்தில் என்ன எண், சோளம் பொரிகிற மாதிரி முதல் வெடிப்புச் சத்தம் கேட்கும்போது என்ன எண். முதல் வெடிப்பு பெரும்பாலான மெஷின்களில் 190க்கும் 205க்கும் இடையில் எங்கேயாவது வரும், உங்கள் மெஷினில் எங்கே என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. பழைய நோட்டில் 196 என்று இருந்து இப்போது 199 என்று வந்தால் கொட்டை மாறவில்லை, எண் மாறியிருக்கிறது. இரண்டு மூன்று ஈடு இதே மாதிரி பாருங்கள். வித்தியாசம் நிலையாக 3 என்றால் இறக்கும் சூட்டையும் 3 கூட்டி எழுதிக்கொள்ளுங்கள். ஆஃப்செட்டைப் போட்டுப் பழைய எண்ணுக்கே இழுத்துவிடலாம் என்று சிலர் செய்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. ஐஸிலும் கொதிதண்ணீரிலும் சரியாகக் காட்டிய சென்சாரைப் பழைய நோட்டுக்காகப் பொய் சொல்ல வைத்தால், அடுத்த தடவை மாற்றும்போது எது உண்மை என்றே தெரியாமல் போய்விடும். நோட்டில் சென்சார் மாற்றிய தேதியைப் பெரிசாக எழுதி, அதற்குக் கீழே புது எண்களை எழுதுங்கள்.

சரியான அளவு சென்சார் வந்து சேர எனக்கு ஒன்பது நாள் ஆனது. கொடைக்குக் கொடுக்க வேண்டியதில் பாதியைக் கண் பார்த்தும் சத்தம் கேட்டும்தான் வறுத்தேன். இப்போது ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, இரண்டையும் ஐஸிலும் கொதிதண்ணீரிலும் வைத்துப் பார்த்து, எவ்வளவு காட்டியது என்று சீட்டு எழுதிக் கட்டி, கூடுதலானதைப் பேனலுக்குள் ஈரம் படாத ஒரு மூலையில் வைத்திருக்கிறேன். ஆழத்தின் கோட்டையும் அதிலேயே போட்டாயிற்று.